கம்பளிக்கு மேலே படுத்த கணித மேதை

நாமக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் மார்கழி மாத விடியற்காலை எப்படி இருக்கும் என்பது அந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். கமலாலயக் குளத்தின்மீது லேசாகப் பனி படர்ந்திருக்கும். ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தோளில் ஒரு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நடப்பார்கள். வெயில் ஏறியதும் துப்பட்டி கொடிக்குப் போய்விடும். சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் குளிருக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான்.

அந்தக் குளிரை மட்டுமே அறிந்த ஒரு வாலிபர் 1914-ஆம் ஆண்டில் சீமைக்குக் கப்பல் ஏறினார். கோட்டு, ஓவர்கோட்டு, பூட்ஸ், தொப்பி எல்லாம் அவருக்குத் தயாராயின. உலகமே வியந்த கணக்குகளைப் போட்ட அந்த மூளைக்கு ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் தெரியவில்லை. குளிர் நாட்டில் கட்டில்மீது விரித்திருக்கும் கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர்தான் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜம்.

ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் மகன்

ராமானுஜம் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், தாயைப் பெற்ற பாட்டியின் வீட்டில் பிறந்தார். பாட்டனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக வேலை பார்த்தவர். குடும்பத்தாருக்கு நாமக்கல் நாமகிரித் தாயார்தான் எல்லாம். நெடுநாள் பிள்ளை இல்லாதிருந்து, தாயாரை வேண்டிக்கொண்ட பிறகே இந்தக் குழந்தை பிறந்தது என்று வீட்டார் சொல்வார்கள். தமக்குக் கணக்குகளைக் கனவிலே காட்டிக் கொடுப்பது நாமகிரித் தாயாரே என்று ராமானுஜமும் கடைசி வரை நம்பினார்.

தகப்பனார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் இருபது ரூபாய். துணியைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்வதும், வருகிறவர்களுக்குப் புடவை எடுத்துக் காட்டுவதும் அவருடைய தொழில். பட்டும் பருத்தியும் புரளும் கடையில் உழைத்தவரின் வீட்டில், பிள்ளைக்குக் கணக்குப் போடக் காகிதம் வாங்கவும் காசு போதவில்லை. ராமானுஜம் சிலேட்டில் எழுதி, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லாததால் கல்லூரிப் பரீட்சையில் தேறவில்லை. 1909-இல் ஜானகி அம்மாளுடன் கலியாணம் நடந்தது. வேலை தேடி அலைந்து, 1912-இல் சென்னைத் துறைமுக ஆபீசில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. கடிதத்தில் இருந்த சூத்திரங்களைக் கண்டு திகைத்த ஹார்டி, அவரை உடனே இங்கிலாந்துக்கு வரவழைக்க விரும்பினார்.

நாமக்கல்லில் கிடைத்த உத்தரவு

ஆசாரமான வைஷ்ணவக் குடும்பம். கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். தாயார் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை.

1913-ஆம் ஆண்டின் கடைசியில் ராமானுஜம், துறைமுக ஆபீசில் தமக்கு மேலதிகாரியாகவும் நண்பராகவும் இருந்த நாராயண ஐயருடன் நாமக்கல்லுக்குச் சென்று, நாமகிரித் தாயார் சந்நிதியில் மூன்று இரவுகள் படுத்திருந்தார் என்றும், மூன்றாம் நாள் இரவில் அவருக்கு உத்தரவு கிடைத்தது என்றும் சொல்வார்கள். தாயார் கோமளத்தம்மாளே ஒரு கனவு கண்டதாகவும் கூறுவதுண்டு. தம் மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே வீற்றிருப்பதைக் கண்டாராம். அவன் போகும் வழியில் குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் கட்டளையிட்டாராம். எது எப்படியானாலும், தாயாரின் தடை நீங்கியது.

அது மார்கழி மாதம். மலையடிவாரத்துக் கல் தரையில் மூன்று இரவுகள் படுத்திருந்தவருக்கு அந்தப் பனி ஒரு பொருட்டாகவே இருந்திராது. குளிர் என்றால் இவ்வளவுதான் என்று அவர் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

சீமை உடுப்பு

சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் தந்தது. அன்றைய கணக்கில் ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய். ஆகவே 250 பவுன் என்பது 3,750 ரூபாய். துறைமுக ஆபீசில் அவர் வாங்கியதோ ஆண்டுக்கு 360 ரூபாய். கப்பல் பிரயாணத்துக்கும் புதிய உடுப்புகளுக்கும் தனியாகவும் பணம் கிடைத்தது.

உடுப்பு வாங்கும் காரியத்தை அவருடைய நண்பர்களும் சென்னையில் இருந்த ஆங்கிலேயர்களும் சேர்ந்து கவனித்தார்கள். சட்டை, காலர், டை, காலுறை, பூட்ஸ் எல்லாம் வந்து சேர்ந்தன. குடுமியை எடுத்துக் கிராப்பு வெட்டினார்கள். அந்தக் கோலத்தைப் பார்த்தால் தாயும் மனைவியும் தாங்கமாட்டார்கள் என்று, அவர்களை முன்கூட்டியே கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார் ராமானுஜம்.

கண்ணாடியில் பார்த்தால் சீமைத் துரைதான். ஆனால் உள்ளே இருந்தவர் வேட்டியும் துண்டும் பழகிய கும்பகோணத்து மனிதர். பூட்ஸ் காலைக் கடித்தது. டை கழுத்தை இறுக்கியது. கேம்பிரிட்ஜில் இருந்த காலமெல்லாம் அறைக்குள் செருப்புதான் அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா என்ற கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டது. ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் லண்டன் போய்ச் சேர்ந்தார். அது வசந்த காலம். குளிரின் உண்மையான முகத்தை அவர் அப்போது காணவில்லை.

மடித்துச் செருகிய கம்பளி

கோடை கழிந்தது. ஆகஸ்டில் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது. பிறகு குளிர்காலம் வந்தது.

அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களில் ஒருவர் வங்காளத்தைச் சேர்ந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிப் பெரும்புகழ் பெற்றவர் இவர். குளிர் மிகுந்த ஒரு நாளில் இவர் ராமானுஜத்தின் அறைக்குப் போனார். ராமானுஜம் கணப்புக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இரவில் குளிர் தெரியாமல் தூங்க முடிகிறதா என்று மகலனோபிஸ் கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பதாகவும், அப்படியும் குளிர் விடவில்லை என்றும் ராமானுஜம் சொன்னார்.

போதுமான கம்பளி இல்லையோ என்று சந்தேகப்பட்ட மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டில்மீது கம்பளிகள் பல இருந்தன. அந்த நாட்டு வழக்கப்படி அவை ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கப்பட்டு, ஓரங்கள் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெல்லிய விரிப்பு. ராமானுஜம் அத்தனை கம்பளிகளுக்கும் மேலே படுத்து, அந்த மெல்லிய விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு, ஓவர்கோட்டோடு இரவெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தார்!

கம்பளியை ஒரு பக்கம் விலக்கி, உறைக்குள் கடிதத்தை நுழைப்பதுபோல உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று மகலனோபிஸ் செய்து காட்டினார்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம் ஊரில் போர்வை என்பது எடுத்துப் போர்த்திக்கொள்வது. மெத்தையோடு மெத்தையாகக் கட்டிவைத்திருப்பதை மெத்தையின் ஒரு பகுதி என்று நினைப்பதுதான் இயல்பு. சந்தேகம் வந்தாலும் வேற்று நாட்டில் யாரிடம் கேட்பது? சங்கோசம் மிகுந்த ராமானுஜம் பிறருக்குத் தொந்தரவு கொடுக்க விரும்பாதவர். தமக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

கம்பளியின் குணமும் நம் பக்கத்து மக்கள் அதிகம் அறியாதது. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. உடம்பின் சூடு வெளியே போகாதபடி, இழைகளுக்கிடையே உள்ள காற்று தடுத்து நிறுத்துகிறது. உடம்பு கம்பளிக்குள் இருந்தால்தான் பயன். மேலே படுத்தால், எத்தனை விலை உயர்ந்த கம்பளியானாலும் வெறும் மெத்தைதான்.

தீ மூட்டாத அறை

சைவ உணவைத் தவிர வேறு எதையும் தொடாதவர் ராமானுஜம். தாமே சமைத்துச் சாப்பிட்டார். யுத்தம் வளர வளரப் பாலுக்கும் காய்கறிக்கும் தட்டுப்பாடு வந்தது. கணக்கில் மூழ்கிவிட்டால் வேளைக்குச் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. 1917-இல் உடம்பு விழுந்தது. காசநோய் என்று கருதி வைத்தியம் செய்தார்கள். அவருக்கு இருந்தது ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் ஓர் ஆங்கில மருத்துவர் ஆராய்ந்து எழுதினார்.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. திறந்தவெளிக் காற்றுதான் சிகிச்சை. நோயாளியை ஜன்னல்கள் திறந்த அறையில், குளிரிலேயே படுக்க வைப்பார்கள். டெர்பிஷயர் மலைப்பகுதியில் மாட்லாக் என்ற ஊரில் இருந்த மருத்துவ விடுதியில் ராமானுஜம் அப்படித்தான் கிடந்தார்.

அங்கிருந்து ஹார்டிக்கு அவர் எழுதிய ஒரு கடிதம் மனத்தை உருக்குவது. வந்து ஒரு மாதமாகியும் அறையில் ஒரு நாள்கூடத் தீ மூட்டவில்லை. வந்த அன்று ஒன்றிரண்டு மணி நேரம் மூட்டியதோடு சரி. நடுக்கத்தில் பல வேளை சாப்பிடவும் முடியவில்லை. ஹார்டி சிபாரிசு செய்த பிறகு, முக்கியமான கணக்கு வேலை செய்யும் நாட்களில் தீ மூட்டுவதாக வாக்களித்தார்கள். அந்த நாளும் வரவில்லை. குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது. ஆகையால் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு தினமும் அங்கே போய்க் கணக்கு எழுதப்போவதாகத் தெரிவித்திருந்தார்.

இப்படி நடுங்கிக்கொண்டிருந்தவரைத்தான் 1918-இல் ராயல் சொசைட்டி தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் டிரினிடி கல்லூரி அவரைத் தன் பெல்லோவாக ஏற்றது. அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

வேண்டாம் என்ற பணம்

யுத்தம் முடிந்ததும் அவரை ஊருக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. இந்தியாவிலும் ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகச் சென்னைச் சர்வகலாசாலை தெரிவித்தது. 1919 ஜனவரியில் அவர் எழுதிய பதில் வியப்பானது. இந்தத் தொகை தமக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம்முடைய அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கம்பளி இருந்தும் குளிரில் கிடந்தவர் பிறர் பிள்ளைகளின் படிப்பை நினைத்தார்.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. அந்தக் கோடையில் சில வாரங்கள் காவிரிக்கரையில் கொடுமுடியில் தங்கினார். ஆற்றைக் கடந்தால் நாமக்கல் சீமை. பிறந்த ஈரோடும் பக்கம்தான். சொந்த மண்ணின் வெயில் அவரைச் சூழ்ந்திருந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

படுக்கையில் இருந்தபடியே புதிய கணக்குகளை எழுதிக்கொண்டிருந்தார். ஜானகி அம்மாள் வெந்நீர் வைத்துத் துணியை நனைத்துப் பிழிந்து, காலையும் மாலையும் அவருடைய காலுக்கும் மார்புக்கும் ஒற்றடம் கொடுத்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டு வயதில் ராமானுஜம் காலமானார். அவர் கடைசி நாட்களில் எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிடி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. உலகக் கணித அறிஞர்கள் அவற்றை வைத்து இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள்.

ஜானகி அம்மாள் இளம் வயதிலேயே தனியானார். தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் பிறருக்குத் துணி தைத்துக் கொடுத்து வாழ்ந்தார். 1994-இல்தான் காலமானார். கணவருக்கு ஒற்றடம் கொடுக்க வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை அவர் வெகுகாலம் பத்திரமாக வைத்திருந்தார்.

இன்று சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் குளிர் நாடுகளுக்குப் படிக்கப் போகிறார்கள். பெற்றோர் கடன் வாங்கியாவது நல்ல கோட்டாகப் பார்த்து வாங்கித் தருகிறார்கள். அது அவசியம்தான். அதோடு, அங்கே ஏற்கெனவே இருக்கிற நம்மவர் ஒருவரின் விலாசத்தையும் கையில் கொடுத்து அனுப்பலாம். மகலனோபிஸ் அறைக்குள் போய்ப் பார்க்கும் வரையில், ராமானுஜத்தின் கட்டிலில் இருந்த கம்பளிகளால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.