பனிக்கால நெய்தலில் ஒரு முதுகவிஞர்

வில்லியம் பட்லர் யேட்ஸ் என்னும் பெயரைக் கேட்டதும் தமிழ்க் கவிஞர்கள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தாகூரின் கீதாஞ்சலியே. 1912ஆம் ஆண்டு இலண்டனில் ஓவியர் ரோத்தன்ஸ்டைன் இல்லத்தில் தாகூரைச் சந்தித்து, அவர்தம் பாடல்களின் ஆங்கில வடிவில் நெஞ்சைப் பறிகொடுத்து, அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் யேட்ஸ். மறு ஆண்டே நோபல் பரிசு தாகூரைத் தேடி வந்தது. பத்தாண்டு கழித்து, 1923இல், அப்பரிசு யேட்சையும் அடைந்தது. அத்துடன் அவர் வரலாறு நிறைவெய்தியதாகக் கருதுவோர் உளர். உண்மையில் அவருடைய கவிதை வாழ்வின் வலிமை மிக்க ஒரு பகுதி அதற்குப் பின்னரே தொடங்கிற்று. அது பெரும்பாலும் மக்கள் கூட்டமற்ற பனிக்காலக் கடற்கரை ஊர்களில் கழிந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

இளமையும் புகழும்

யேட்ஸ் 1865ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் டப்ளின் நகரை அடுத்த சாண்டிமவுண்ட்டில் பிறந்தார். தந்தை ஜான் பட்லர் யேட்ஸ் ஓவியர். தாய் சூசன், மேற்கு அயர்லாந்தின் ஸ்லைகோ துறைமுகத்தில் கப்பல் வணிகம் நடத்திய குடும்பத்தைச் சார்ந்தவர். தாய்வழிப் பாட்டன் வீட்டில் கழிந்த கோடை நாள்களில் மாலுமிகளும் மீனவரும் பணிப்பெண்டிரும் கூறிய கதைகளே அவருக்கு முதற் பாடமாயின. இவ்வாறு கடல் அவர் வாழ்வின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

இருபது வயதளவில் மோகினி சட்டர்ஜி என்னும் வங்காள அறிஞர் டப்ளினுக்கு வந்து வேதாந்தக் கருத்துகளை எடுத்துரைத்தார். இளங்கவிஞர் உள்ளத்தில் அவ்வுரை ஆழப் பதிந்தது. 1889இல் விடுதலை வீராங்கனை மாட் கான் அம்மையாரைக் கண்டு காதலுற்றார். பலமுறை மணம் வேண்டியும் அவர் இசையவில்லை. அக்காதல் தந்த துயரமே யேட்சின் இளமைக் கவிதைகளின் உயிர்ப்பு எனலாம். 1904இல் கிரகரி சீமாட்டியாரோடும் நாடகாசிரியர் சிஞ்சோடும் இணைந்து ஆபி அரங்கை நடத்தத் தொடங்கினார். தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’ நாடகம் 1913இல் அவ்வரங்கில் நடிக்கப்பெற்றது. 1917இல் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் ஜார்ஜி ஹைட்லீஸ் என்னும் நங்கையை மணந்தார். அயர்லாந்து தன்னாட்சி பெற்றதும் 1922இல் அதன் மேலவை உறுப்பினரானார். நாட்டுப் பணி, குடும்பம், பரிசு, பதவி ஆகிய அனைத்தும் கைகூடின.

நோயும் பயணமும்

1927ஆம் ஆண்டு அக்டோபரில் கண்ட சளி நுரையீரலைத் தாக்கியது. அயர்லாந்தின் ஈரக்குளிரில் இருத்தல் ஆகாது, வெயில் உள்ள நாடு தேடுக என்று மருத்துவர் பணித்தனர். மனைவியார் அவரை ஸ்பெயினின் தென்கோடித் துறைமுகமான அல்ஜெசிராசுக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்து செவில் நகருக்குச் சென்றபோது நுரையீரலில் குருதி கசிந்தது. பிரான்சின் கான் நகரில் சில காலம் படுக்கையிலிருந்தார். 1928 பிப்ரவரியில் இத்தாலியின் ராப்பல்லோ வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. அதே மாதத்தில்தான் அவருடைய ‘கோபுரம்’ என்னும் கவிதைத் தொகுதி வெளிவந்தது. முதுமையின் மீது சினங்கொண்டெழுந்த அந்நூலை உலகம் பாராட்டிக் கொண்டிருக்க, நூலாசிரியர் வேற்று நாட்டில் மூச்சுக்குத் திணறிக் கொண்டிருந்தார்.

ராப்பல்லோ என்னும் ஊர்

ஜெனோவா நகருக்குக் கிழக்கே, லிகூரியக் கடலின் சிறு வளைகுடாவில் அமைந்த ஊர் ராப்பல்லோ. பின்புறத்து மலைகள் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுத்து நிற்கும். அதனால் பனிக்காலத்திலும் அங்கே எலுமிச்சை காய்க்கும். ஒலிவ மரங்கள் பசுமை மாறா. ஆடவர் கடல்மேற் செல்ல, பெண்டிர் வீட்டு வாயிலில் அமர்ந்து லேஸ் பின்னுதல் அப்பகுதியின் தொன்மையான தொழில்.

நம் நாட்டில் கோடை வெம்மைக்கு அஞ்சி ஏலகிரிக்கும் உதகைக்கும் செல்கிறோம். ஐரோப்பியரோ இன்று கோடையில் நீராடக் கடற்கரை நாடுகின்றனர். பனிக்காலம் வந்தால் அவ்வூர்களின் விடுதிகள் பல அடைபடும்; மணற்பரப்பு வெறுமையாகும்; ஊர் மீண்டும் ஊராருக்கே உரியதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ நிலைமை நேர்மாறாக இருந்தது. வடபுலத்து நோயாளரும் முதியோரும் குளிருக்கு அஞ்சிப் பனிக்காலத்திலேயே அங்கு வந்து தங்கினர். நீராடும் கோடைக்கூட்டம் பெருகிய காலம் பிற்பட்டது. யேட்ஸ் சென்றது அவ்விரு வழக்கங்களும் கைமாறிக் கொண்டிருந்த காலத்தில். பெரிய துறைமுகமும் பெரிய சூதாட்ட மாளிகையும் இல்லாமையால் செல்வர் கூட்டம் வேறிடம் செல்கிறது என்று அவர் மகிழ்ந்ததுண்டு. காவேரிப்பாக்கத்து ஏரிக்கரையை வேனிலிலும் மார்கழியிலும் கண்டவர்க்கு, ஓரிடத்திற்கு இரு முகங்கள் உண்டென்பது புதிய செய்தியன்று.

அவ்வூருக்குக் கவிஞரை ஈர்த்தவர் எஸ்ரா பவுண்ட். யேட்சைவிட இருபது ஆண்டு இளையவர். 1913 முதல் மூன்று பனிக்காலங்கள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு சிறு வீட்டில் யேட்சுக்குச் செயலராக உடனிருந்தவர். மிகைச் சொல்லைக் களைந்து எழுதுமாறு மூத்தவருக்கு இளையவர் வற்புறுத்திய காலம் அது. இப்போது மூத்தவரே இளையவரைத் தேடி வந்தார். ஜெர்மானிய நாடகாசிரியர் ஹாப்ட்மானும் ஆங்கில எழுத்தாளர் பீர்போமும் அவ்வூரில் இருந்தனர். அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகட்கு முன், 1882–83 பனிக்காலத்தில், தத்துவ அறிஞர் நீட்சே அங்கே தங்கி மலைப்பாதையில் நடந்தபடி தம் ‘ஜரதுஷ்டிரர்’ நூலின் முதற் பகுதியைச் சிந்தித்திருந்தார்.

கடல் தந்த கவிதை

1928 ஜூலையில் மேலவையில் இறுதியாக உரையாற்றிப் பொதுவாழ்விலிருந்து யேட்ஸ் விலகினார். டப்ளின் வீட்டை விற்றார். நவம்பரில் ராப்பல்லோ திரும்பி, கடலை நோக்கிய மாடிக் குடியிருப்பில் குடும்பத்துடன் அமர்ந்தார். பகலில் எழுத்து, மாலையில் உலா, இரவில் பவுண்டுடன் உரையாடல் என நாள்கள் சென்றன. இரவு உணவுக்குப் பின் பவுண்ட் எலும்புத் துண்டுகளைப் பையிலிட்டுச் சென்று தெருப்பூனைகளுக்கு உணவளிப்பார். அக்காட்சியை யேட்ஸ் தம் சிறுநூலொன்றில் பதிவு செய்துள்ளார். அது அவர் தங்கையார் நடத்திய கூவாலா அச்சகத்தில் 1929இல் வெளிவந்தது.

அவ்வாண்டுத் தொடக்கத்தில் யேட்ஸ் எழுதிய கவிதைகளுள் ஒன்றின் தலைப்பு ‘மோகினி சட்டர்ஜி’. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உள்ளத்தில் உறங்கிய வங்காள அறிஞரின் சொற்கள், இறப்பை எண்ணியிருந்த பனிக்கால நாள்களில் விழித்தெழுந்தன. மனிதன் பிறவிகள் பலவற்றைக் கடந்து வந்தவன் என்னும் கீழ்த்திசைக் கருத்து, இத்தாலியக் கடலோரத்தில் அயர்லாந்துக் கவிஞர் வாயிலாக ஆங்கிலப் பாட்டாயிற்று.

அடுத்த சில வாரங்களில் வேறொரு குரல் பிறந்தது. ‘பித்துப் பிடித்த ஜேன்’ என்னும் ஏழைக் கிழவி ஆயரை எதிர்த்து வழக்காடுகிறாள். உடலின் காதலுக்காக வாதாடுகிறாள். நாட்டுப்பாடல் போன்ற சிற்றடிகள், பல்லவி போல் திரும்பும் தொடர்கள், கூச்சமற்ற எளிய சொற்கள் ஆகியவை இப்பாடல்களின் இயல்பு. நோபல் பரிசு பெற்ற கவிஞர் தம் பழைய பெருமித நடையைக் கழற்றி வைத்துவிட்டு, தெருவில் நிற்கும் கிழவியின் வாயால் பேசத் துணிந்தார். வாழ்த்துக் கூறவும் வணங்கவும் ஆள் சூழ்ந்திருந்தால் இத்துணிவு பிறந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

1929 டிசம்பரில் மால்டாக் காய்ச்சல் கடுமையாகப் பற்றியது. விருப்பமுறி எழுதப்பெற்றது, பவுண்டும் இளங்கவிஞர் பேசில் பண்டிங்கும் சாட்சிக் கையொப்பமிட்டனர். பல வாரங்கள் காய்ச்சல் தணிவதும் ஏறுவதுமாக இருந்தது. வேனில் வந்ததும் அருகிலுள்ள போர்ட்டோஃபினோ மலைமுகட்டிற்குச் சென்று உடல் தேறினார். அங்கே 1930 ஏப்ரல் இறுதியில், ‘பைசாந்தியம்’ என்னும் கவிதைக்கான உரைநடைக் குறிப்பைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். முன்னர் எழுதிய ‘பைசாந்தியத்திற்குக் கலஞ்செலுத்தல்’ என்னும் கவிதையில் வரும் பொற்பறவை, இயற்கைப் பறவையினின்று அத்துணை வேறுபட்டதன்று என நண்பர் ஸ்டர்ஜ் மூர் குறை கூறியிருந்தார். அக்குறையை மதித்து மீண்டும் அப்பொருளையே எடுத்து இறப்புக்கப்பாலான உலகைப் பாடினார். சாவின் வாயிலிலிருந்து மீண்டவர், தம் பழைய கவிதை ஒன்றன் குறையைத் தீர்க்க முனைந்த அருமை போற்றத்தக்கது.

நண்பரின் தீர்ப்பு

1932இல் கிரகரி சீமாட்டியார் மறைந்தார். அதன்பின் யேட்சுக்குப் பாட்டு வறண்டது போல் தோன்றியது. 1934 ஜூனில், ராப்பல்லோக் குடியிருப்பை ஒப்படைக்கச் சென்றபோது, தாம் எழுதிய புதிய நாடகத்தைப் பவுண்டிடம் கொடுத்தார். முதுமையால் கவித்திறம் போய்விட்டதா என்று அறியும் அச்சமே அதற்குக் காரணம். பவுண்ட் அதனைச் சிறிதும் இரக்கமின்றி இழிந்தது எனத் தள்ளினார். யேட்ஸ் மனமுடைந்து போகவில்லை. நாடகத்தை வெளியிட்டார், நண்பர் தந்த தீர்ப்பையும் முன்னுரையில் தாமே வெளியிட்டார். இகழ்ச்சியைத் தம் கையாலேயே அச்சேற்றும் நெஞ்சுரம் எளிதில் வாய்ப்பதன்று.

அவரிடம் குறையே இல்லை என்பதற்கில்லை. முசோலினி ஆட்சியின் ‘ஒழுங்கு’ அவரைக் கவர்ந்தது. 1933இல் அயர்லாந்தின் நீலச்சட்டை இயக்கத்திற்குப் பாடல் எழுதினார். பின்னர் அதனின்று விலகினார். பவுண்டோ அவ்வழியில் வெகுதொலைவு சென்று, போர்க்காலத்தில் இத்தாலிய வானொலியில் பேசி, 1945இல் கைதானார். அமைதியான கடற்கரை, நாட்டில் நடந்த கொடுமையைக் கவிஞர் கண்ணிலிருந்து மறைக்கவும் வல்லதாயிருந்தது.

இறுதிப் பனிக்காலங்கள்

1935 இறுதியில் ஸ்பெயினுக்குரிய மயோர்க்காத் தீவில் புரோகித சுவாமியுடன் அமர்ந்து உபநிடதங்களை ஆங்கிலப்படுத்தினார். பத்து உபநிடதங்கள் அடங்கிய அந்நூல் 1937இல் வெளிவந்தது. இடையே நெஞ்சும் சிறுநீரகமும் நோயுற்று உயிருக்குப் போராடினார். 1938–39 பனிக்காலத்தில் இத்தாலிய எல்லைக்கு மிக அருகே, பிரான்சின் கேப் மார்ட்டின் கடற்கரையில் ஓர் எளிய விடுதியில் தங்கினார். 1939 ஜனவரி 13ஆம் நாளிட்ட கவிதை, வீரன் கூகுலின் இறப்புக்குப்பின் கோழைகளின் ஆவிகளோடு அமர்ந்து பிணச்சீலை தைப்பதைப் பாடுவது. 21ஆம் நாளிட்டது ‘கரிய கோபுரம்’. அதுவே இறுதிக் கவிதை. 28ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அகவை எழுபத்து மூன்று.

ரோக்புரூன் ஊர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றார். சிறிது காலம் கழித்து ஸ்லைகோவிற்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். உலகப்போர் அதனைத் தடுத்தது. 1948 செப்டம்பரில் அயர்லாந்துக் கடற்படைக் கப்பலொன்று எலும்புகளை ஏற்றி வந்தது. அப்பணியைப் பொறுப்பேற்று முடித்த அமைச்சர் ஷான் மக்பிரைட், மாட் கான் அம்மையாரின் மகன். இடைக்காலத்தில் கல்லறை கலைக்கப்பட்டு எலும்புகள் பொதுக்குவியலில் சேர்க்கப்பட்டமையால், டிரம்கிளிஃப்பில் துயில்வது அவர்தாமா என்னும் ஐயம் இன்றும் உண்டு. கவிஞரின் உடலில் ஒரு பகுதியேனும் அப்பனிக்காலக் கடற்கரையிலேயே தங்கிவிட்டது போலும்!

நெய்தற்கு இரங்கல் உரிப்பொருள், எற்பாடு சிறுபொழுது. ஆறு பெரும்பொழுதும் அதற்கு உரியவாக உரையாசிரியர் கொள்வர். பொழுது சாயும் வேளையில், பனிக்கால நெய்தலில் நின்ற இம்முதுகவிஞர் இரங்கினார். ஆயினும் இரங்கலோடு நின்றாரல்லர். நம் பாரதி, அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவைக் கடலோரத்தில் பத்தாண்டு வாழ்ந்து ‘பாஞ்சாலி சபத’மும் ‘குயிற்பாட்டு’ம் தந்ததை இங்கே ஒப்பிட்டுக் காணலாம். அங்கு நாடு துரத்தியது. இங்கு நோய் துரத்தியது. ஒதுங்கிய கரையை இருவருமே ஓய்விடமாகக் கொள்ளவில்லை. மாலையும் பாராட்டும் பெற்ற பின்னர்த் தம் நடையைத் தாமே உடைத்துப் புதிதாகக் கட்டினார் யேட்ஸ். பாடிப் பழகிய கவிஞர் எவர்க்கும் அது அச்சந்தரும் செயல். அறுபதைக் கடந்து, குருதி கசியும் நுரையீரலோடு, அவர் அதனைச் செய்தார்.