ஸர் வில்லியம் ராபின்ஸன்: சென்னைப் போலீஸை வகுத்தவர்

தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ போலீஸ் நிலையத்தின் படியேறும் எளிய மனிதனுக்கு, இந்த இலாகாவை முதன்முதல் வகுத்தவர் யாரென்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் 1822ல் பிறந்த ஸர் வில்லியம் ரோஸ் ராபின்ஸன் என்னும் சிவிலியன்.

அவர் காலத்துக்கு முன் நம் ராஜதானியில் நிலவிய வழக்கம் கொடியது. 1816ஆம் வருஷத்து ரெகுலேஷன்படி, வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸ் தலைவருமாயிருந்தார். கிஸ்தி கட்ட வகையற்ற குடியானவனும் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரே சேவகன் கையில் அகப்பட்டனர். கிட்டி கட்டுதலும் அண்ணாந்தாள் பூட்டுதலும் அச்சேவகனுடைய சாதனங்கள். 1854ல் பார்லிமெண்டில் இவ்விஷயம் கிளம்பவே, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரடங்கிய கமிஷன் நியமிக்கப்பட்டது. சித்திரவதை நடந்தது மெய்யே என்று அது 1855ல் அறிக்கை செய்தது.

இதன் பயனாகவே 1858ல் ராபின்ஸன் போலீஸ் பிரதம கமிஷனரானார். 1859ஆம் வருஷத்து 24வது சட்டம் போலீஸை வரி வசூலினின்றும் பிரித்துத் தனி இலாகாவாக்கியது. அடுத்த வருஷம் இந்தியா முழுமைக்குமான போலீஸ் கமிஷனில் அவர் அங்கத்தினராயிருந்தார். 1861ஆம் வருஷத்து இந்தியப் போலீஸ் சட்டம் அதன் விளைவேயாகும். பின்னர் அவர் நிர்வாக சபை அங்கத்தினரானார். 1875 ஏப்ரலில் கவர்னர் ஹோபார்ட் பிரபு இறந்துபோகவே, நவம்பர் வரை தற்காலிக கவர்னராகவும் இருந்தார். 1886ல் காலமானார்.

வரியையும் தடியையும் ஒரே கையிலிருந்து பிரித்தது நற்செயலே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சித்திரவதை ஒழிந்ததா? 1860ஆம் வருஷத்துப் பீனல் கோடின் 330வது பிரிவு, வாக்குமூலம் வாங்கத் துன்புறுத்துவோருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. அதற்கு உதாரணமாகப் போலீஸ் அதிகாரியையும் ரெவினியூ அதிகாரியையுமே அச்சட்டம் காட்டிற்று. போலீஸாரிடம் அளித்த வாக்குமூலம் செல்லாதென 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. தான் அமைத்த படையையே சர்க்கார் நம்பவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை. 1902ல் நியமிக்கப்பட்ட பிரேஸர் கமிஷனும் இலாகாவில் லஞ்சமும் கொடுமையும் மலிந்திருக்கக் கண்டது.

காரணம் தெளிவு. ராபின்ஸன் கண்ட படை சர்க்காருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதேயன்றி, ஜனங்களுக்கன்று. சேவகனின் எஜமான் மாறினான்; அடிபடுகிறவன் மாறவில்லை.

அன்னிய ஆட்சி 1947ல் அகன்றது. 2022 ஜனவரியில் தாம்பரத்துக்கெனத் தனிப் போலீஸ் கமிஷனரகமும் ஏற்பட்டது. ஆயினும் 2020ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு மாண்டதை நாடு கண்டது. புதிய இலாகாவும் புதிய சட்டமும் மட்டும் போதாவென்பதே ராபின்ஸன் சரித்திரம் புகட்டும் பாடம். காவல் நிலையத்தில் அகப்பட்டவன் ஏழையாயினும், அவனுக்காகக் கேள்வி கேட்கும் ஜனங்கள் வெளியே நிற்கவேண்டும்.