சதுரங்க வல்லார் சுல்தான் கான்

பழகப் பழக எக்கலையும் கைவரும் என்பர். அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. செக்கில் பூட்டிய மாடு காலை முதல் மாலை வரை நடக்கின்றது. நடந்த தொலைவைக் கூட்டிப் பார்த்தால் பல காதம் ஆகும். எனினும் அது செக்கை விட்டு அப்பால் சென்றதில்லை. நம் புதுக்கோட்டைச் சீமையின் திண்ணைகளிலும் சாவடிகளிலும் நாள் தவறாது சதுரங்கம் ஆடுவோர் சிலரும் அத்தகையரே. இளமையில் எவ்வாறு ஆடினரோ அவ்வாறே முதுமையிலும் ஆடுவர். ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகியும் ஆற்றல் பெருகாமைக்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண விரும்புவோர், பஞ்சாபில் பிறந்து உலகப் புகழ் எய்திய சுல்தான் கானின் வரலாற்றை அறிதல் நலம்.

இன்று பாகிஸ்தானைச் சேர்ந்ததாய் விளங்கும் மேற்குப் பஞ்சாபில் மிட்டா திவானா என்னும் ஊர் உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான் கான் அவ்வூரில் தோன்றினார். ஒன்பதாம் வயதில் தம் தந்தையாரிடம் சதுரங்கம் பயின்றார். இருபத்தொரு வயதளவில் பஞ்சாபில் அவருக்கு நிகரானவர் இலர் என்னும் பெயர் பரவிற்று. பெருநிலக்கிழாராகிய சர் உமர் ஹயாத் கான் அவர்தம் திறம் கண்டு வியந்து, 1926ஆம் ஆண்டில் அவரைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார்.

சுல்தான் கான் பயின்றது நம் நாட்டு மரபிலமைந்த ஆட்டம். அம்முறையில் காலாள் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும்; ஐரோப்பிய முறையிலோ இரு கட்டம் செல்லலாம். அரசனுக்குக் காவல் அமைக்கும் முறையும் வேறு. இவை சிறு வேறுபாடுகள் போலத் தோன்றும். ஆயினும் ஆட்டத்தின் தொடக்கம் முழுவதையும் இவை மாற்றிவிடுவன. ஆதலின் அவர் ஐரோப்பிய முறையைப் புதிதாகக் கற்க நேர்ந்தது. கற்ற ஈராண்டிற்குள், 1928ஆம் ஆண்டின் அகில இந்தியப் போட்டியில் எட்டு ஆட்டங்களில் வென்று, ஒன்றில் சமன் செய்து, ஒன்றிலும் தோலாது முதன்மை பெற்றார்.

1929ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் உமர் ஹயாத் கான் அவரை இலண்டன் மாநகருக்கு அழைத்துச் சென்றார். அங்கு அவருக்குப் பயிற்சியாகும் பொருட்டுச் சிறு போட்டி ஒன்று நடத்தப்பெற்றது. அதில் அவர் கடைசி இடத்தையே பகிர்ந்துகொண்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆடியவர், ஒரு நாடு முழுவதையும் வென்றவர், அந்நிய மண்ணில் கடைசியில் நின்றார். பிறிதொருவராயின் பலகையையும் காய்களையும் வெறுத்து ஊர் திரும்பியிருப்பர். அன்றி, மேலும் நூறு ஆட்டம் ஆடினால் எல்லாம் சரியாகும் என்று எண்ணியிருப்பர்.

சுல்தான் கான் இவ்விரண்டும் செய்திலர். தம்மை வென்ற விண்டர், யேட்ஸ் என்னும் வல்லார் இருவரிடமே பயிற்சி பெற்றார். அவ்வாண்டுக் கோடையில் ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை நகரில் பிரிட்டிஷ் சதுரங்க முதன்மைப் போட்டி நடைபெற்றது. இளவேனிலில் கடைசியில் நின்ற அவர் அதில் முதல்வராக வென்றார். கண்டோர் அனைவரும் வியந்தனர்.

பல்லாண்டு ஆட்டம் தாராததைச் சின்னாட் பயிற்சி எவ்வாறு தந்தது? தம்மினும் மெலியாரோடு ஆடுவோன் பிழையான நகர்வு செய்யினும் வெற்றி பெறுவான். அப்பிழையை ஒறுப்பார் இலராதலின் அது பிழையென்றே அவனுக்குத் தோன்றாது. நாளடைவில் அதுவே பழக்கமாய் இறுகிவிடும். வலியாரோடு ஆடுங்கால் அப்பிழை உடனே வெளிப்படும். வெளிப்பட்டதனை மறுநாள் பலகையில் மீளப் பரப்பி, எந்நகர்வில் நெறி தவறிற்று, அவ்விடத்து வேறு எது செய்திருக்கலாம் என்று ஆராய்தலே பயிற்சியாகும். தோற்றவுடன் காய்களைக் கலைத்து அடுத்த ஆட்டம் தொடங்குவோன் தோல்வியின் துன்பத்தை மட்டும் பெறுகிறான். அதன் பயனை இழந்துவிடுகிறான்.

பின்னர் சுல்தான் கானின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவிற்று. 1921 முதல் 1927 வரை உலக முதல்வராக விளங்கிய காப்பபிளாங்காவை, ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930-31ஆம் ஆண்டுப் போட்டியில் வென்றார். 1931ஆம் ஆண்டில் டார்டகோவருடன் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடி மேம்பட்டார். அவ்வாண்டே பிராக் நகரில் நடந்த ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் அமர்ந்து ருபின்ஸ்டைன், ஃப்ளோர் ஆகியோரை வென்றார்; உலக முதல்வர் அலெகைனுடன் சமன் செய்தார். 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் முதன்மை அவருக்கே உரியதாயிற்று.

எனினும் அவரிடத்தும் ஒரு குறை எஞ்சி நின்றது. ஆட்டத்தின் இடையும் இறுதியும் அவருக்குக் கைவந்த கலைகள். தொடக்கமோ இறுதிவரை மெலிவுற்றே இருந்தது. ஐரோப்பியர் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து நூல்களில் எழுதி வைத்த தொடக்க நெறிகளை அவர் இளமையில் கற்கும் வாய்ப்புப் பெறவில்லை. பெரும்போட்டிகள் பல ஆடியும் அக்குறை முற்றும் நீங்கவில்லை. ஒரு குறையைத் தனியே எடுத்துக் களைந்தாலன்றி, வெறும் ஆட்டம் அதனைக் களையாது என்பதற்கு அம்மேதையே சான்றாவார்.

1933ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தம் ஆதரவாளருடன் தாயகம் திரும்பினார். அதன்பின் ஐரோப்பிய அரங்குகள் அவரைக் கண்டில. 1966ஆம் ஆண்டில் சர்கோதாவில் காலமானார். உயிரோடிருந்த காலத்தில் அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளிக்கப்பெறவில்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024ஆம் ஆண்டில் அதனை மதிப்புறு பட்டமாக அவருக்கு வழங்கிற்று.

சதுரங்கத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை பிற கலைகட்கும் பொருந்தும். நம் புதுக்கோட்டையில் வாழ்ந்த மான்பூண்டியா பிள்ளையை எண்ணிப் பாருங்கள். பசனைகளில் கஞ்சிராவைத் தட்டியோர் பலர். அவரோ தவில் வல்லார் ஒருவரிடம் தாளக் கணக்கை முறையாகப் பயின்று, அச்சிறு கருவியைக் கச்சேரி மேடையில் அமரச் செய்தார். தட்டியோர் அனைவர்க்கும் கை இருந்தது. அவர்க்கோ கையோடு கருத்தும் இருந்தது.

மாணவர்களே! தெரிந்த கணக்கையே நூறு முறை போடுவது எளிது. தவறிய கணக்கை ஒருமுறை ஆராய்வது அரிது. முன்னையது களிப்பைத் தரும். பின்னையது வளர்ச்சியைத் தரும். நாள்தோறும் முயலுங்கள். முயன்றபின் சிறிது நின்று, எவ்விடத்துத் தவறினோம் என்று நோக்குங்கள். நும்மினும் வல்லாரை அணுகிக் கேட்க நாணாதீர்கள். அங்ஙனம் செய்வீராயின், நும் முயற்சி செக்கைச் சுற்றும் நடையாகாது. ஊர் சென்று சேரும் வழிநடையாகும்.