பாரதியாரும் ஆறில் ஒரு பங்கும்

பிரெஞ்சுப் புதுச்சேரியில் பத்து வருஷகாலம் அடைக்கலம் புகுந்திருந்த ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியார், 1918-ஆம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி எல்லையைக் கடந்து பிரிட்டிஷ் பிரதேசத்தில் கால் வைத்ததும் கைதியானார். கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்து, டிஸம்பர் 14-ந் தேதி வெளிவந்தார். விடுதலையென்பது பேச்சுக்குத்தான். திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ளேயே வசிக்கவேண்டும். எழுதுவதை ரகஸியப் போலீஸ் அதிகாரிக்குக் காட்டிய பின்னரே பிரசுரிக்கவேண்டும். இந்நிபந்தனைகளோடு அவர் தம் மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் இவற்றுக்கு இணங்கியதைக் குறை கூறுவோர் இன்றும் உண்டு. பசியையும் தனிமையையும் பத்து வருஷம் அநுபவித்தறியாதவர் அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுந்தவரல்லர் என்பது நமது அபிப்பிராயம்.

1882-இல் எட்டயபுரத்தில் பிறந்தது, திருநெல்வேலி ஹிந்து கலாசாலையில் படித்தது, காசிவாசம், மதுரையில் சில மாத உபாத்தியாயர் வேலை, 1904-இல் 'சுதேசமித்திரன்', 1906-இல் 'இந்தியா' வாரப் பத்திரிகை ஆகியவை நேயர்கள் அறிந்தவையே. 1908 மார்ச் மாதத்தில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது. அவ்வருஷமே 'இந்தியா'வின் சட்டப்படியான பொறுப்பாளரும் சிறைப்பட்டார். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். ஸர்க்காரை எதிர்த்த பாரதியாரை நாம் நன்றாக அறிவோம். தம் சொந்த ஜனங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய பாரதியாரைத்தான் போதிய அளவு அறியோம்.

அவர் வளர்ந்த சீமையின் நிலைமையை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். அவர் பாலியப் பருவத்திலேயே, கோவில் வீதியிலும் கோவில் வாசலிலும் நாடார்களுக்கு உரிமை உண்டா என்ற சச்சரவினால் 1895-இல் கழுகுமலையிலும் 1899-இல் சிவகாசியிலும் இரத்தம் சிந்திற்று. கமுதிக் கோவில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை சென்று, 1908-இல் நாடார்களுக்கு விரோதமாகவே முடிந்தது. வழக்கத்தையே நியாயமாகக் கொண்ட தீர்ப்பு அது. சுதேசியம் முழங்கிய அதே வருஷத்தில், கோவிலுக்குள் யார் நுழையலாம் என்பதைச் சீமையிலிருந்த நீதிபதிகளைக் கொண்டு நாம் நிர்ணயித்துக்கொண்டோம்!

புதுச்சேரியில் பாரதியார் 'ஆறில் ஒரு பங்கு' என்ற கதையை எழுதினார். அக்காலத்தில் பஞ்சமர் என்று வழங்கப்பட்ட ஜனங்கள் தொகையில் ஆறில் ஒரு பங்கினர் என்ற கணக்கே அதன் பெயர். பார்வைக்கு அது காதல் கதை. உள்ளே இருப்பது குற்றப்பத்திரிகை. இத்தனை கோடிப் பேரைத் தாழ்த்தி வைத்த பாவத்தின் பலனாகவே நாம் அந்நியருக்குத் தாழ்ந்தோம் என்பது அதன் சாரம். அதை அவர் ராஜாக்களுக்கோ ஜமீன்தார்களுக்கோ காணிக்கையாக்கவில்லை. உழுது நமக்குச் சோறிடும் பள்ளர், பறையர் முதலானோருக்கே அர்ப்பணம் செய்தார். பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரையில், அதற்குக் கீழேயும், தாமிரபருணிப் பாசனத்தில் சேற்றில் நின்றவர்கள் யாரென்பதை நம் நேயர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை.

1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அவ்வருஷமே சென்னை ஸர்க்கார் இந்நூலையும் 'கனவு' என்ற மற்றொரு நூலையும் தடை செய்தனர். ராஜத்துரோகத்தைத் தேடியவர்களின் கையில், ஜாதிக்கொடுமையைக் கண்டித்த கதை அகப்பட்டது. ஒரு விதத்தில் அதிகாரிகள் சரியாகவே படித்தார்கள் என்று சொல்லலாம். இந்த ஆறில் ஒரு பங்கு நம்மோடு ஒன்றாய் நின்றுவிட்டால் அந்நிய ஆட்சி நில்லாது என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர்.

ஆயினும் இவ்விஷயத்தில் அவரையும் பரிசீலனை செய்யவேண்டும். அர்ப்பணத்தில் அவர் அந்த ஜனங்களை வைசியர் என்ற வருணத்தில் வைத்துப் போற்றினார். 1913-இல் கனகலிங்கம் என்ற ஆதி திராவிட இளைஞருக்குப் பூணூல் அணிவித்தார். அந்நாளில் அதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! ஆனால் 1907 முதல் சென்னையில் பத்திரிகை நடத்திய பண்டிதர் அயோத்திதாஸர், மேல்படியில் இடம் கேட்கவில்லை. அந்த ஏணியே வேண்டாமென்று பௌத்தத்தைக் கைக்கொண்டார். பாதிக்கப்பட்டவர் பார்வைக்கும் பரிவுகொண்டவர் பார்வைக்கும் உள்ள தூரம் இது. பாரதியார் அத்தூரத்தை முற்றும் கடந்துவிட்டார் என்று நாம் வாதிக்கப் போவதில்லை.

கடையத்து வாழ்க்கைக்கு வருவோம். ஆசாரசீலர்கள் அவரை ஒதுக்கினார்கள். ஸர்க்கார் நிபந்தனை ஒரு புறம், அக்கிரகாரத்தின் நிபந்தனை மறு புறம். அருகேயுள்ள பொட்டல்புதூர், முகைதீன் ஆண்டவர் தர்காவினால் பெயர் பெற்றது. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கூடுமிடம். அங்கே அவர் இஸ்லாம் மார்க்கத்தின் மகிமையைப் பற்றி முஸ்லிம்கள் நடுவே உபந்நியாஸம் செய்தார்.

1920-இல் 'ரயில்வே ஸ்தானம்' என்ற கதையில், சகோதரிகள் மூவரை ஒருங்கே மணந்த முஸ்லிம் ஒருவரைப் பாத்திரமாக்கினார். அவர்கள் சாஸ்திரப்படி அப்படி மணத்தல் கூடாதென்று ஒரு முஸ்லிம் நண்பர் எடுத்துக் காட்டினார். பாரதியார் வாதாடவில்லை, திருத்தத்தை அச்சிட்டார். பிற மதத்தாரின் வழக்கத்தை அவர்களிடமே கேட்டறிந்து எழுதவேண்டும் என்ற நாணயம் பத்திரிகைக்காரர்களிடம் அபூர்வம். அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம்.

கடல் கடந்த நம்மவரையும் அவர் மறந்தாரில்லை. ஒப்பந்தக் கூலிகளாய் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட ஹிந்து ஸ்திரீகளுக்காக அவர் பாடியது யாவரும் அறிந்ததே.

1920-இல் நிபந்தனைகள் நீங்கின; மீண்டும் 'சுதேசமித்திர'னுக்குச் சென்றார். 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறையுமுன் சென்னையில் காலமானார். 1928-இல் அவருடைய தேசீய கீதங்கள் பறிமுதலானபோது, ஸ்ரீ ஸத்தியமூர்த்தி சட்டசபையில் அதை எதிர்த்து வாதாடினார். 1949-இல் சென்னை ஸர்க்காரே நூல்களின் உரிமையை ஏற்றனர். பாட்டுக்கள் பள்ளிக்கூடந்தோறும் ஒலிக்கின்றன. 'ஆறில் ஒரு பங்கு' சில பக்கங்களே கொண்ட கதை. ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம்.