பூண்டி நீர் தந்த தீரர் சத்தியமூர்த்தி

காலையில் எழுந்ததும் குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் வருகிறது. குளிக்கிறோம், குடிக்கிறோம், சமைக்கிறோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நினைத்துப் பார்ப்பவர்கள் சிலரே.

சென்னை மக்களின் தாகம் தீர்க்க ஒரு தலைவர் பாடுபட்டார். வெள்ளைக்கார அரசை எதிர்த்துச் சிறை சென்றவர் அவர். அதே அரசிடம் வாதாடி, மக்களுக்காக ஒரு நீர்த்தேக்கத்தை வாங்கித் தந்தார். ஆனால் அது நிறைந்து நிற்கும் காட்சியைக் காண அவர் உயிரோடு இல்லை!

அவர்தான் தீரர் சத்தியமூர்த்தி.

திருமயத்துச் சிறுவன்

புதுக்கோட்டைச் சீமையில் உள்ள ஊர் திருமயம். மலைமேல் கோட்டையும், குடைவரைக் கோயில்களும் கொண்ட ஊர். அங்கே 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ந் தேதி சத்தியமூர்த்தி பிறந்தார். தந்தை சுந்தர சாஸ்திரி ஒரு வக்கீல்.

சத்தியமூர்த்தி சிறுவனாக இருந்தபோதே தந்தை காலமாகிவிட்டார். தாயையும் தம்பி தங்கைகளையும் காக்கும் பொறுப்பு மூத்த பிள்ளையின் தலையில் விழுந்தது.

அந்தப் பிள்ளை கலங்கவில்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தார். சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் படித்துத் தேறினார். புகழ்பெற்ற வக்கீல் எஸ். சீனிவாச அய்யங்காரிடம் ஜூனியராகச் சேர்ந்தார்.

பேச்சே ஆயுதம்

வக்கீல் தொழிலை விட நாட்டின் விடுதலை அவரை அதிகம் இழுத்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அருவி போலப் பேசுவார். 1919ஆம் ஆண்டு காங்கிரஸ் சார்பில் லண்டன் சென்று, இந்தியாவின் குறைகளை எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 32.

1923 முதல் சென்னை சட்டசபையில் இருந்தார். 1934ஆம் ஆண்டு தேர்தலில் வென்று, டெல்லியில் மத்திய சட்டசபைக்குச் சென்றார். அவர் எழுந்தால் சபை நிமிர்ந்து உட்காரும். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் அதிகாரிகள் திணறுவார்கள்.

நாடகம் என்றால் அவருக்கு உயிர். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் வேடம் கட்டி நடித்தார். சங்கீத வளர்ச்சிக்கும் உழைத்தார்.

விருதுநகர் இளைஞர் காமராஜின் திறமையைக் கண்டு வளர்த்தவரும் அவரே. 1936ஆம் ஆண்டு தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது, காமராஜைச் செயலாளர் ஆக்கினார். 1940ஆம் ஆண்டு காமராஜ் தலைவரானபோது, அந்தச் சீடரின் கீழ்ச் செயலாளராகப் பணி செய்தார். அப்படிப்பட்ட மனம் எத்தனை பேருக்கு வரும்!

தவித்த நகரம்

அந்தக் காலத்துச் சென்னையின் தண்ணீர்க் கதையை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும்.

1872ஆம் ஆண்டிலேயே புழல் ஏரித் தண்ணீர் நகருக்கு வரத் தொடங்கிவிட்டது. ஆனால் அது திறந்த கால்வாயில் வந்தது, வடிகட்டப்படவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர், மாநகராட்சியின் தனிப் பொறியாளர் மேட்லி. தியாகராய நகரில் இன்றும் மேட்லி சாலை அவர் பெயரைச் சொல்கிறது.

அவர் வகுத்த திட்டப்படி 1914ஆம் ஆண்டு கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது. புழல் தண்ணீர் மூடிய கால்வாய் வழியாக அங்கே வந்தது. மணல் படுகைகளில் மெல்ல மெல்லக் கசிந்து தெளிந்தது. நீராவி எஞ்சின்கள் அதை மேலே ஏற்றின. பிறகு இரும்புக் குழாய்கள் வழியே தெருத்தெருவாக ஓடியது.

1961ஆம் ஆண்டில் சென்னையில் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருப்பார்கள் என்பது அன்றைய கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 காலன் தண்ணீர் என்று திட்டம் போட்டார்கள்.

ஆனால் நகரம் கணக்கை முந்திக்கொண்டது! 1931லேயே மக்கள் தொகை சுமார் 6 லட்சத்து 47 ஆயிரம் ஆகிவிட்டது. 1941ல் 7 லட்சத்து 77 ஆயிரத்தைத் தொட்டது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் நடுவே முன்பு ஒரு பெரிய ஏரி இருந்தது. 1920களில் அதைத் தூர்த்து மனை போட்டார்கள். அப்படி எழுந்ததுதான் தியாகராய நகர். ஏரி போயிற்று, வீடுகள் வந்தன. வீடு வந்தால் குழாய் வேண்டும் அல்லவா?

பாய்லரும் குழாயும்

குழாய்த் தண்ணீர் என்பது ஒரு பங்கீடு. எத்தனை குழாய் பதித்தாலும், ஏரியில் நீர் இருந்தால்தான் வீட்டில் நீர். வழியில் உள்ள ஒவ்வொரு தெருவும் எடுத்துக்கொண்ட பிறகுதான் கடைசித் தெருவுக்குக் கிடைக்கும். போகப் போக வேகம் குறையும். கீழ்ப்பாக்கத்திலிருந்து தள்ளி, தெற்கே இருக்கும் மயிலாப்பூர், மாம்பலம் பகுதிகளுக்கு வரும்போது நீர் நூலாக இளைத்துவிடும்.

கிணறு இருக்கிறதே என்று கேட்கலாம். கடலோரத்துக் கிணறுகளில் பல உப்புக் கரிக்கும்.

அந்தக் காலத்து வீடுகளில் செம்புப் பாய்லர் இருந்தது நினைவிருக்கும். நடுவில் ஒரு குழல். அதில் கரியோ சுள்ளியோ எரியும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும். மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினால், குழாய் வழியே வெந்நீர் வரும். தண்ணீர் குறைந்திருக்கும்போது நெருப்பு மூட்டினால் ஈயப் பற்று உருகி, பாய்லர் ஒழுக ஆரம்பிக்கும். உப்புக் கிணற்று நீரை ஊற்றி வந்தாலோ, உள்ளே வெள்ளையாகக் காறை பிடிக்கும். காறை பிடித்தால் சூடு ஏறாது; கரி வீணாகும். இன்றைய மின்சாரக் கீசரிலும் இதே தொல்லைதான்.

பிரசவித்த தாய்க்கும், கைக்குழந்தைக்கும், நோயாளிக்கும் வெந்நீர் வேண்டும். குழாய் வறண்டால் அந்த வீட்டின் கதி என்ன?

மேயர் செய்த சாதனை

இந்த நிலையில்தான், 1939ஆம் ஆண்டு சத்தியமூர்த்தி சென்னை மேயரானார்.

சோதனையான நேரம் அது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. இரும்பும் சிமெண்டும் பணமும் போருக்குத்தான் முதலில் போகும். ராஜாஜி தலைமையில் இருந்த காங்கிரஸ் மந்திரிசபையும் அந்த ஆண்டு அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டது. ஆட்சி கவர்னர் கைக்குப் போயிற்று. எந்த அரசை எதிர்த்தாரோ, அந்த அரசிடமே தண்ணீருக்காகப் போய் நிற்க வேண்டும்.

சத்தியமூர்த்தி தயங்கவில்லை. கட்சி வேறு, மக்களின் தாகம் வேறு என்று எண்ணினார்.

சென்னைக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் பூண்டி என்ற ஊர் உள்ளது. அதன் பக்கமாகக் கொசஸ்தலை ஆறு ஓடுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் புரண்டு, எண்ணூரில் கடலில் கலந்துவிடும். வீணாகும் அந்த வெள்ளத்தைப் பூண்டியில் தேக்க வேண்டும். அங்கிருந்து சோழவரம், புழல் ஏரிகளுக்கு விட வேண்டும். இதுதான் திட்டம்.

விடாமல் வாதாடி அரசின் சம்மதத்தைப் பெற்றார். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1940ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 65 லட்சம் ரூபாய்த் திட்டம். அந்தக் காலத்தில் அது மலை போன்ற தொகை!

காணாத கண்கள்

அணை எழுந்துகொண்டிருந்தது. ஆனால் சத்தியமூர்த்திக்கு விதி வேறு வழி வகுத்தது.

1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தது. சத்தியமூர்த்தி கைது செய்யப்பட்டார். வெகு தூரத்தில் உள்ள அமராவதி சிறைக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். அந்தப் பயணத்தில் முதுகுத் தண்டில் அடிபட்டது. முன்பே நலிந்திருந்த உடல் அதன்பின் தேறவே இல்லை.

1943ஆம் ஆண்டு மார்ச் 28ந் தேதி, சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 55. நாட்டின் விடுதலையையும் அவர் பார்க்கவில்லை. பூண்டியின் நீரையும் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டே, 1944ல், பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. சத்தியமூர்த்தி சாகர் என்று பின்னர் அதற்குப் பெயர் சூட்டினார்கள்.

காமராஜ் தன் குருவை மறக்கவில்லை. 1947ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றபோது, சத்தியமூர்த்தியின் வீட்டுக்குச் சென்று தேசியக் கொடியை ஏற்றினார்.

இன்றும் ஓடும் நீர்

1996ஆம் ஆண்டு ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நதி நீர் சென்னைக்கு வந்தது. அது முதலில் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? சத்தியமூர்த்தி கேட்டு வாங்கிய அதே பூண்டிதான்!

2019ஆம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரியின் பின்னால் குடங்களோடு மக்கள் ஓடியதையும் சென்னை கண்டது. எத்தனை ஏரி வெட்டினாலும், ஒழுகும் குழாய்க்கு ஈடு கொடுக்க முடியாது. தேய்ந்த வாஷரை மாற்ற ஆகும் செலவு சில ரூபாய். சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீரோ, ஓர் இரவில் குடத்தை நிறைத்துவிடும்.

சத்தியமூர்த்திக்குச் சிலைகள் உண்டு. அவர் பெயரில் கட்டிடமும் உண்டு. ஆனாலும் ஒழுகும் குழாயை இறுக மூடும் ஒவ்வொரு கையும் அவருக்குச் செய்யும் மரியாதையே பெரிது!