இடிக்காமல் ஊரைத் திருத்தியவர்

ஸ்காட்லாந்து நாட்டில் 1854-ம் ஆண்டு பிறந்தவர் பாட்ரிக் கெடிஸ். செடி கொடிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. மண்ணும் வெளிச்சமும் செடியை வளர்ப்பதுபோல, வீடும் தெருவும் மனிதனை உருவாக்குகின்றன என்று கருதினார்.

1886-ல் அன்னாவை மணந்தார். இருவரும் எடின்பரோ நகரில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு பழைய குடியிருப்பில் குடியேறினர். அழுக்கைக் கழுவினர், சுவருக்கு வெள்ளையடித்தனர், ஜன்னலில் பூச்செடி வைத்தனர். அதைப் பார்த்து அண்டை வீட்டாரும் துடைப்பத்தை எடுத்தனர்!

1914-ல் கெடிஸ் சென்னை வந்தார். மதுரை, தஞ்சாவூர் நகரங்களை ஆராய்ந்தார். நெரிசலைக் குறைக்கக் குடியிருப்புகளை அடியோடு இடிக்கும் திட்டங்களை எதிர்த்தார். வீடிழந்த ஏழைகள் வேறிடத்தில் இன்னும் நெருக்கமாக அடைவார்களே! பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, மரம் நட்டு, காற்றுக்கு வழி விடச் சொன்னார்.

1932-ல் கெடிஸ் மறைந்தார். ஊரைத் திருத்த ஊராரை விரட்ட வேண்டியதில்லை என்பதே அவர் காட்டிய வழி.