வாயில்லா ஜீவன்களுக்கு மருந்தகம் கண்ட மாதரசி

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நாம் இளமை முதலே கேட்டு வருகிறோம். அவற்றுள் ஔஷத தானம் வாயில்லா ஜீவன்களுக்கும் தடையின்றிக் கிடைக்க ஓர் அமைப்பையே நிறுவிய ஆங்கில மாதரசி ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அவர் பெயர் மரியா டிக்கின்.

மரியா 1870ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயப் போதகர். அவருடைய மக்கள் எண்மருள் மூத்தவர் மரியா. பெண்கள் தாமே தொழில் நடத்துதல் அரிதாயிருந்த அக்காலத்தில் குரற்பயிற்சிக் கூடம் ஒன்றை நடத்தினார். 1899இல் கணக்காளரும் தம் உறவினருமான ஆர்னால்டு டிக்கினை மணந்தார். மக்கட்பேறு வாய்க்கவில்லை, செல்வத்திற்குக் குறைவில்லை.

கிழக்கு இலண்டனின் ஏழைக் குடியிருப்புகளுக்குச் சென்று நோயாளரைக் கண்டு உதவுவதை மரியா தொண்டாகக் கொண்டார். அங்கே நொண்டியபடி வண்டியிழுக்கும் கழுதைகளும், சொறி பிடித்த நாய்களும், குப்பையில் இரை தேடும் பூனைகளும் அவர் உள்ளத்தை உருக்கின. அவற்றை வைத்திருந்தோர் கொடியவர் அல்லர். மருத்துவருக்குக் கொடுக்கப் பொருளற்றவர். காய்கறி வண்டியிழுக்கும் கழுதை படுத்துவிட்டால் அக்குடும்பத்தின் பிழைப்பும் படுத்துவிடும். இதனைக் கண்டுணர்ந்த மரியா, இரக்கப்பட்டு ஒதுங்கிச் செல்லவில்லை.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், ஒயிட்சேப்பல் பகுதியில், சமயகுரு ஒருவர் அளித்த நிலவறையில் இலவச மருந்தகம் திறக்கப்பட்டது. நோயுற்ற எவ்வுயிரையும் கொண்டு வரலாம், கட்டணம் இல்லை என்னும் அறிவிப்பு வாயிலில் வைக்கப்பட்டது. கூட்டம் பெருகவே, விரைவில் பெரிய இடம் தேட நேர்ந்தது.

மருந்தகத்திற்கு வர இயலாத உயிர்களை நாடி மருந்தகமே செல்ல வேண்டும் என்று மரியா கருதினார். ஆறு ஆண்டுகளுக்குள் குதிரை பூட்டிய நடமாடும் மருந்தகம் புறப்பட்டது. பின்னர் பல ஊர்திகள் நாடெங்கும் சென்றன. 1928இல் இல்ஃபோர்டில் விலங்குகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையும் எழுந்தது. பட்டம் பெறாதோர் சிகிச்சை அளிக்கலாமா என்று கால்நடை மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மரியா பணியை நிறுத்தவில்லை. தம் பணியாளர்க்கு உரிய பயிற்சி அளித்தார்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டதும், குண்டு வீச்சுக்கு அஞ்சிய மக்கள் இலட்சக்கணக்கான வளர்ப்பு விலங்குகளைக் கொல்லக் கொடுத்த கொடுமை நிகழ்ந்தது. பின்னர் குண்டுகள் விழுந்தபோது, மரியாவின் நிறுவனத்தைச் சேர்ந்த மீட்புக் குழுக்கள் இடிபாடுகளில் தேடி, புதையுண்டும் அடிபட்டும் கிடந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளுக்கு உதவியதாக அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. அக்குழுவினருடன் சென்ற பியூட்டி என்னும் நாய் மட்டும் 63 விலங்குகள் இருந்த இடத்தைக் காட்டியது. 1943இல் மரியா ஏற்படுத்திய டிக்கின் பதக்கம் 1945இல் அந்நாய்க்கும் வழங்கப்பட்டது.

ஓரிடத்தில் நம் நெறி அவர் வழியினின்று வேறுபடுகிறது. மீளாத நோயுற்ற விலங்குகளை வலியின்றி மாய்ப்பதை அவர்தம் மருந்தகம் ஏற்றது. நாம் அதனை ஏற்பதில்லை. இறுதி மூச்சு வரை நிழலும் நீரும் தந்து அருகிருத்தலே நமக்குரியது. ஆயினும், கொல்லாமை கூறும் நாம், அடிபட்டுத் தெருவோரம் துடிக்கும் ஜீவனைக் கடந்து சென்றுவிட்டால், நம் கொல்லாமையால் அந்த உயிருக்கு விளைந்த பயன் யாது? அதனைத் தூக்கிச் செல்ல ஒருவர், கிடத்த ஓரிடம், கட்டுவதற்குத் துணி, அழைத்தால் வரும் மருத்துவர் ஆகிய இவற்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்தாலன்றி நம் கருணை உரிய வேளையில் உதவாது.

மரியா டிக்கின் 1951ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தம் எண்பதாம் வயதில் மறைந்தார். ஒரு நிலவறையில் தோன்றிய அவரது மருந்தகம் நூறாண்டுகளைக் கடந்து இன்றும் பணியாற்றி வருகிறது. நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் ஜீவதயை பற்றிப் பேசும்போதெல்லாம், அடுத்து அடிபடும் உயிருக்கு நாம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்து எண்ணுவோமாக.